8 வருட ஈ.பி.எஸ்., 38 மாத ஜெர்மனி, இப்போது கனடா: எதை எடுப்பது, எதை விடுவது?

வடகாற்று:

வணக்கம் நண்பர்களே. மூன்று நாட்டில் சிதறிக் கிடக்கும் பென்ஷன் கணக்குகளை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். விவரம் இது.

இந்தியா: 2010 ஜூன் முதல் 2018 செப்டம்பர் வரை, மொத்தம் 100 மாதம். இரண்டு நிறுவனங்கள். முதல் நிறுவனத்தில் 2013 அக்டோபர் வரை, அங்கே பி.எஃப். நிறுவனத்தின் சொந்த டிரஸ்டில் இருந்தது. அந்தப் பணம் பிறகு இரண்டாவது நிறுவனத்தின் கணக்குக்கு மாறிவிட்டது. ஆனால் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் அந்த மாற்றத்துக்கு நேரே பூஜ்ஜியம் என்று நிற்கிறது.

ஜெர்மனி: 2018 நவம்பர் முதல் 2021 டிசம்பர் வரை, 38 மாதம், சட்டப்படியான பென்ஷன் காப்பீட்டில் சந்தா போயிருக்கிறது.

கனடா: 2022 ஜனவரி முதல். நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது. இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். பிறந்த ஆண்டு 1988.

கேள்விகள்: பி.எஃப். பணத்தை நேரடியாகக் கனடா ஓய்வூதியக் கணக்குக்கு மாற்ற முடியுமா? ஈ.பி.எஸ். (பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷன் திட்டம்) பணத்தை, அதற்கான படிவமான ஃபார்ம் 10சி போட்டு எடுத்துவிடலாமா? ஜெர்மனியில் கட்டியதைத் திரும்பக் கேட்கலாமா? மூன்று நாட்டிலும் பெயர் மூன்று விதமாக இருப்பது எங்கே உதைக்கும்?

கணக்குப்பிள்ளை:

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பென்ஷன் என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு சரக்கு இருக்கிறது. ஒன்று உங்கள் பெயரில் இருக்கும் பணம், ஈ.பி.எஃப். (நீங்கள் பி.எஃப். என்று சொல்வது) அந்த வகை. இன்னொன்று நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் காலம், ஈ.பி.எஸ்., ஜெர்மன் சட்டப் பென்ஷன், கனடாவின் முதியோர் பென்ஷன் மூன்றும் அந்த வகை. பணத்தை எடுத்து அனுப்பலாம். காலத்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்ப முடியாது. ஒப்பந்தம் இருந்தால் கூட்டிக் காட்ட மட்டுமே முடியும். "டிரான்ஸ்ஃபர்" என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் பாதிப் பேர் இல்லாத கதவைத் தட்டுகிறார்கள்.

ஈ.பி.எஃப்.: கனடா ஓய்வூதியக் கணக்குக்கு நேரடி மாற்றம் கிடையாது. ஃபார்ம் 19 (பி.எஃப். பணத்தைக் கேட்கும் படிவம்) போட்டு, இந்திய வங்கிக் கணக்குக்கு வாங்கி, அங்கிருந்து அனுப்ப வேண்டும். உங்கள் விஷயத்தில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். வேலையை விட்ட பிறகும் 58 வயது வரை வட்டி வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தியாவில் இருப்பவருக்கு அது சரி. ஆனால் ஈ.பி.எஃப். திட்டத்தின் 72(6) பத்தியைப் படியுங்கள். நிரந்தரமாக வெளிநாடு போனவர் 36 மாதத்துக்குள் பணத்தைக் கேட்காவிட்டால் கணக்கு செயலற்றதாகும், வட்டி நிற்கும் என்று அதில் தனியாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் போனது யாருக்கும் தெரியாததால் பாஸ்புக்கில் வட்டி ஏறிக்கொண்டிருக்கலாம். 2024-25க்கு 8.25 சதவீதம் என்பதைப் பார்த்தால் விட மனசு வராதுதான். ஆனால் உரிமை இல்லாத வட்டியை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வரி: மொத்தச் சேவை 5 வருடத்தைத் தாண்டியிருப்பதால் வேலையில் இருந்த காலம் வரையிலான தொகைக்கு இந்தியாவில் வரி இல்லை. முதல் நிறுவனப் பணம் முறையாக மாற்றப்பட்டிருப்பதால் அந்தக் காலமும் இந்த 5 வருடத்தில் சேரும். வேலையை விட்ட பிறகு ஏறிய வட்டிக்கு மட்டும் வரி உண்டு. பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் 2017-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் 2018 செப்டம்பர் இறுதி இருப்பு எவ்வளவு, அதற்குப் பின் வட்டி எவ்வளவு என்று வருட வாரியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்புக் பி.டி.எஃப்.களை க்ளெய்ம் போடுவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள்.

பணம் வரும் கணக்கு: வெளிநாட்டில் வசிப்பவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்கு) ஆக மாற்ற வேண்டும். சில வங்கிகளில் மாற்றும்போது கணக்கு எண்ணும் மாறும். பி.எஃப். தளத்தில் பழைய எண் கே.ஒய்.சி.யில் கிடந்தால் பணம் போய்த் திரும்பி வந்துவிடும். பிறகு மறுபடி முதலிலிருந்து. எனவே வங்கி முதலில், கே.ஒய்.சி. இரண்டாவது, க்ளெய்ம் கடைசி. என்.ஆர்.ஓ.விலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். வருமான வரித் தளத்தில் ஓர் அறிவிப்பும், தேவைப்படும் இடத்தில் ஆடிட்டர் சான்றும் வங்கி கேட்கும்.

இதைப் படிக்கும், இன்னும் கிளம்பாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாட்டு வேலைக்கோ நிரந்தரக் குடியேற்றத்துக்கோ போகிறவர் புறப்படும் முன் முழுத் தொகையையும் எடுக்க 69(1)(சி) பத்தி தனி வழி வைத்திருக்கிறது. வேலையில்லாமல் இருப்பவருக்கான காத்திருப்பு அதற்குப் பொருந்தாது. அந்தக் காத்திருப்பை 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், பென்ஷன் பணத்துக்கு 36 மாதமாகவும் நீட்டுவது என்று பி.எஃப். நிர்வாகத்தின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபர் 13 அன்று முடிவெடுத்தது. ஆகவே காரணக் கட்டத்தில் எதைத் தேர்வு செய்கிறீர்கள் என்பது முக்கியம்.

ஒன்பதரை:

கணக்குப்பிள்ளை சார் ஈ.பி.எஃப்.பை முடித்துவிட்டார். நான் ஈ.பி.எஸ். பற்றி.

பாஸ்புக்கில் பூஜ்ஜியம் நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பி.எஃப். மாறும்போது ஈ.பி.எஸ். ரூபாயாக மாறாது, சேவைக் காலமாகத்தான் மாறும். டிரஸ்ட் வைத்திருந்த நிறுவனமும் பென்ஷன் பங்கை அப்போதே ஈ.பி.எஃப்.ஓ.வுக்குத்தான் (பி.எஃப். நடத்தும் அரசு அமைப்பு) கட்டியிருக்கும். பார்க்க வேண்டிய இடம் வேறு. உறுப்பினர் தளத்தில் சேவை வரலாறு என்ற பக்கத்தில் 2010 ஜூன் முதல் 2013 அக்டோபர் வரையிலான 41 மாதம் தெரிகிறதா? தெரியாவிட்டால் டிரஸ்டிலிருந்து வந்திருக்க வேண்டிய இணைப்பு கே என்ற தாளில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஊதியமில்லா நாட்கள் ஆகியவை ஏறவில்லை என்று அர்த்தம். யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) வந்ததே 2014-ல், அதற்கு முந்தைய சேவைக்கு இது அடிக்கடி நடப்பது. முதல் நிறுவனத்திடம் இணைப்பு கே நகல் வாங்கி, இப்போது கணக்கு இருக்கும் ஈ.பி.எஃப்.ஓ. அலுவலகத்தில் குறைதீர்ப்புத் தளம் வழியாக இணைத்துக் கேளுங்கள். இது சரியாகாமல் 10சி போட்டால் 100 மாதத்துக்குப் பதில் 59 மாதத்துக்குத்தான் கணக்குப் போடுவார்கள்.

இப்போது எடுப்பதா வேண்டாமா. ஃபார்ம் 10சி-யில் இரண்டு வாய்ப்பு இருக்கிறது: பணமாக எடுப்பது, அல்லது திட்டச் சான்றிதழ். தளத்தில் 19-ம் 10சி-யும் அடுத்தடுத்து நிற்பதால் இரண்டையும் ஒரே மூச்சில் அழுத்திவிடுகிறார்கள். பணமாக எடுத்தால் அந்தச் சேவை அத்தோடு தீர்ந்தது. திட்டச் சான்றிதழ் வாங்கினால் சேவை உயிரோடு இருக்கும்.

பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும்; 6 மாதமும் அதற்கு மேலும் ஒரு வருடமாக முழுமையாக்கப்படும் என்பதால் நடைமுறையில் ஒன்பதரை வருடம். உங்களிடம் 8 வருடம் 4 மாதம். தனியாக நின்றால் போதாது. ஆனால் இந்தியா-கனடா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2015 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கனடா பென்ஷன் திட்டத்தில் நீங்கள் சந்தா கட்டிய காலத்தைத் தகுதிக்காகக் கூட்டிக்கொள்ளலாம். ஜெர்மனியோடும் அப்படியே, 2017 மே 1 முதல். ஆக 58 வயதில் தகுதி உறுதி.

இதைவிடப் பெரிய ஆதாயம் மறுபக்கம். கனடாவின் முதியோர் பென்ஷனுக்கு, 18 வயதுக்குப் பின் கனடாவில் 10 வருடம் வசித்திருந்தால் கனடாவில் இருந்தபடி வாங்கலாம். வெளிநாட்டில் இருந்து வாங்க 20 வருடம் வேண்டும். நீங்கள் 14 வருடம் இருந்துவிட்டு 2036-ல் ஊர் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். 20 இல்லை. ஒன்றும் கிடையாது. இந்தியாவின் 8 வருடத்தைக் கூட்டினால் 22. உரிமை வந்துவிடும். தொகை மட்டும் கனடாவில் வசித்த வருடத்துக்கே: 40-ல் 14 பங்கு. முழுத் தொகை 2025 கடைசிக் காலாண்டில் மாதம் சுமார் 740 கனடிய டாலர். அதில் 14/40 என்றால் ஏறத்தாழ 259 டாலர், அதுவும் விலைவாசியோடு ஏறும். வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பொதுவாக 25 சதவீதம் பிடித்தம் போகும். போனாலும் என்ன, 10சி-யில் வரும் சில்லறைக்கு இதை யாராவது விடுவார்களா?

கணக்குப்பிள்ளை:

ஒன்பதரை சொல்லும் கூட்டல் சரி, முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. இவர் ஊர் திரும்பினால்தான் அந்த 259 டாலர் பேச்சே வரும். 2042 ஜனவரி வரை கனடாவில் இருந்துவிட்டால் 20 வருடம் தானாகவே ஆகிவிடும், இந்திய வருடங்கள் அங்கே தேவையே படாது.

அப்படி இருக்கப்போகிறவருக்கு ஈ.பி.எஸ். என்ன தரும் என்று பார்ப்போம். மாதப் பென்ஷன் என்பது ஊதியம் × சேவை வருடம் ÷ 70. பலர் 15,000 × 8 ÷ 70 = 1,714 ரூபாய் என்று போடுகிறார்கள். அது தவறு. ஊதிய உச்சவரம்பு 15,000 ஆனது 2014 செப்டம்பர் 1-ல்தான். அதற்கு முந்தைய சேவைக்கு 6,500 தான் அளவு. பென்ஷன் இரண்டு பகுதியாகக் கணக்கிடப்படும். இவருக்கு முன்பகுதி 51 மாதம், பின்பகுதி 49 மாதம். 6,500 × 4.25 ÷ 70 = 395; 15,000 × 4.08 ÷ 70 = 875. மொத்தம் 1,270 ரூபாய். வருடத்தை முழு எண்ணாக 8 என்று எடுத்தால் 1,230-க்குப் பக்கம். 2046-ல் ஆரம்பித்து வாழ்நாள் முழுக்க இதே எண். விலைவாசிக்கு ஏற்ற உயர்வு ஈ.பி.எஸ்.ஸில் கிடையாது.

பணமாக எடுத்தால்? கடைசி ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு கிடைக்கும் என்று சொல்லும் ஈ.பி.எஸ். டி அட்டவணையில் 8 வருடத்துக்குக் காரணி 8.22. கடைசி ஊதியம் உச்சவரம்பில் 15,000. ஆக 1,23,300 ரூபாய். 2024 ஜூனில் அட்டவணையை மாத வாரியாக மாற்றிவிட்டார்கள் என்பதால் மிச்ச 4 மாதத்துக்கும் கொஞ்சம் சேரும். இதில் வேடிக்கை என்னவென்றால், உங்களுக்காகப் பென்ஷன் நிதிக்கு நிறுவனம் கட்டியதே 51 மாதத்துக்கு 541 வீதம் 27,591, பிறகு 49 மாதத்துக்கு 1,250 வீதம் 61,250, ஆக 88,841 ரூபாய்தான். கடைசி ஊதியத்தை வைத்துக் கணக்கிடுவதால் கட்டியதைவிட அதிகமாகக் கிடைக்கிறது. அந்த 1,23,300-ஐ வருடம் 7 சதவீதத்தில் 20 வருடம் விட்டால் 4,77,000 ரூபாய். வருடத்துக்கு 15,000 ரூபாய் பென்ஷன் அதில் 3 சதவீதம் சொச்சம். ரூபாய்க் கணக்கில் மட்டும் பார்த்தால் எடுப்பதுதான் லாபம்.

ஆகவே இது ஈ.பி.எஸ். கேள்வியே இல்லை. 2042-க்கு முன் கனடாவை விட்டுக் கிளம்பும் வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்வி. அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள, பிள்ளை படிப்பு முடிந்ததும் என்று எப்போதாவது திரும்பும் யோசனை இருந்தால் 1,23,300 ரூபாயை மறந்துவிட்டுத் திட்டச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். இல்லவே இல்லை என்றால் எடுங்கள்.

வடகாற்று:

திரும்பும் யோசனை இருக்கிறது. 50 வயதுக்கு மேல், எப்போது என்று சொல்ல முடியாது. அப்படியென்றால் திட்டச் சான்றிதழ். ஜெர்மனி 38 மாதத்துக்கும் இதே தர்க்கமா? அங்கே குறைந்தபட்சம் 60 மாதம் என்று படித்தேன். எனவே எடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ரைன்கரை:

60 மாதம் என்பது உண்மை. ஆனால் அது ஜெர்மன் மாதமாகவே இருக்க வேண்டியதில்லை, ஒப்பந்த நாட்டு மாதங்களும் கூடும். 38 + இந்தியாவின் 100 என்றால் எப்போதோ தாண்டியாயிற்று. அதாவது இன்று நீங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டாலும் 67 வயதில் அந்த 38 மாதத்துக்கு ஜெர்மன் பென்ஷன் உண்டு. கவனம்: இந்தியாவில் ஈ.பி.எஸ்.ஸை எடுத்துவிட்டால் கூட்டக் கொண்டுவரும் அந்த 100 மாதத்தை நம்பி இருக்க முடியாது. ஒரு நாட்டில் போடும் கையெழுத்து இன்னொரு நாட்டில் கடிக்கும் இடம் இதுதான்.

திரும்பப் பெறும் வழியும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. கட்டாயச் சந்தா நின்று 24 மாதம் ஆகியிருக்க வேண்டும் (2023 டிசம்பரோடு ஆகிவிட்டது), ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்க வேண்டும், ஜெர்மன் சந்தா 60 மாதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். 60 மாதம் கட்டியவர்களுக்குத் தன்விருப்பச் சந்தா உரிமை வந்துவிடுவதால் இந்த வழி அடைபட்டுவிடும்.

ஆனால் என்ன கிடைக்கும்? சந்தா 18.6 சதவீதம். அதில் உங்கள் பாதியான 9.3 மட்டும் வரும், நிறுவனத்தின் பாதி வராது. வட்டி ஒரு சென்ட்கூட இல்லை. இடையில் அந்தக் காப்பீட்டின் செலவில் மறுவாழ்வு சிகிச்சை ஏதாவது எடுத்திருந்தால் அதற்குப் பின் கட்டியது மட்டுமே திரும்பும்.

எண்ணில் பார்ப்போம். ஜெர்மன் பென்ஷன் புள்ளிக் கணக்கில் ஓடுகிறது: சராசரி ஊதியம் வாங்கியவருக்கு வருடத்துக்கு ஒரு புள்ளி. 38 மாதம் என்றால் 3.17 புள்ளி. 2025 ஜூலை 1 முதல் ஒரு புள்ளிக்கு மாதம் 40.79 யூரோ. பெருக்கினால் 129 யூரோ. 2025-ன் சராசரி ஊதியம் 50,493 யூரோ என்று வைத்துத் தோராயமாகப் போட்டால் திரும்பக் கிடைப்பது 14,900 யூரோவுக்குப் பக்கம். பழைய வருடங்களில் சராசரி குறைவு என்பதால் நிஜத்தில் இன்னும் குறையும். 129 யூரோ வீதம் ஒன்பதரை வருடத்தில் அந்த 14,900 வந்துவிடும், அதாவது 77 வயதுக்குள். புள்ளியின் மதிப்பு ஒவ்வொரு ஜூலையிலும் ஊதிய உயர்வை ஒட்டித் திருத்தப்படுகிறது. இன்றைக்கே கடனை அடைக்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லாதவர் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. அந்த 14,900-ஐப் பங்குச் சந்தையில் போட்டு இதைவிடப் பெருக்குவேன் என்று சொல்பவர் கணக்குத் தப்பில்லை. ஆனால் அந்தப் பணம் 29 வருடம் கைபடாமல் கிடக்க வேண்டும்.

ஒரு நுணுக்கம். வைத்துக்கொள்வதானால் இப்போதே காப்பீட்டு வரலாற்றுத் தாளைக் கேட்டு வாங்குங்கள், 38 மாதமும் இருக்கிறதா என்று விரல்விட்டு எண்ணுங்கள். வேலை மாறிய மாதம், பெற்றோர் விடுப்பு எடுத்த மாதம் இரண்டும்தான் பொதுவாக விடுபடும். சம்பளச் சீட்டும், நிறுவனம் வருடக் கடைசியில் தரும் சமூகக் காப்பீட்டு அறிவிப்புத் தாளும் இப்போது இருக்கும். 2055-ல் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இனிஷியல்:

பெயர் விஷயத்துக்கு யாரும் வரவில்லையே. நம் ஆட்களுக்குப் பணம் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுப் பள்ளிச் சான்றிதழ். அதே பெயர் பி.எஃப்.பில். ஆதாரில் அப்பா பெயர் விரிந்து பின்னால் வந்திருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவோ, அப்பா பெயரோடோ இருக்கும். கனடாவில் அந்தக் காலிக் கட்டத்தால் முழுப் பெயரும் குடும்பப் பெயராக ஏறும்.

ஜெர்மன் காப்பீட்டு எண்ணை எடுத்துப் பாருங்கள். 12 இடங்கள்: முதல் இரண்டு இலக்கம் அலுவலகத்தைக் குறிக்கும், அடுத்த ஆறு பிறந்த தேதி, ஒன்பதாவது இடத்தில் ஒரே ஓர் எழுத்து, அது பிறப்புக் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. பிறகு இரண்டு வரிசை எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். அந்த ஒரு எழுத்து உங்கள் பெயரிலிருந்து வந்ததா, அப்பா பெயரிலிருந்து வந்ததா என்று பார்த்தாலே அங்கே உங்களை எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். விசா புதுப்பிக்கும்போது பெயர் வேறு மாதிரி ஏறி, இரண்டாவது எண் ஒன்று உருவாகியிருப்பதும் உண்டு. இரண்டு எண் இருந்தால் இரண்டையும் குறிப்பிட்டு ஒன்றாக்கச் சொல்லி எழுத வேண்டும்.

இந்தியாவில்: பி.எஃப். பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் கூட்டு உறுதிமொழி (உறுப்பினரும் நிறுவனமும் சேர்ந்து கொடுக்கும் திருத்த மனு) வழியாகத் திருத்த வேண்டும். அதற்குப் பழைய நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படலாம். மனிதவளத்துறையில் உங்களைத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கும்போதே முடிப்பது நல்லது. பெயரோடு தந்தை பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி நான்கையும் ஒரே முறையில் திருத்தக் கேளுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொரு முறையும் வரிசையில் பின்னால் போய் நிற்பீர்கள்.

இதற்கெல்லாம் தாய், ஓ.டி.பி. ஆதாரோடு இணைந்த இந்திய மொபைல் எண் செத்துப்போனால் தளத்தில் ஒரு பொத்தானையும் அழுத்த முடியாது. ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் தொடாமல் வைத்தால் நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அது வேறொருவர் கைக்குப் போகும். ரோமிங் வேலை செய்கிறதா என்று க்ளெய்ம் போடுவதற்கு முந்தைய நாளே ஒரு குறுஞ்செய்தி வரவழைத்துப் பாருங்கள்.

எல்லாம் ஒத்துப்போகச் செய்ய முடியாதவர்கள், ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று எழுத்துவடிவமும் அதில் வரவேண்டும்.

தேம்ஸ் நதி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பிரிட்டனில் 6 வருடம் வேலை செய்துவிட்டு இப்போது கனடா. அங்கே நிறுவனப் பென்ஷனில் 31,000 பவுண்டு இருக்கிறது. அதைக் கனடாவுக்கு மாற்றித் தருகிறோம் என்று ஒரு முகவர் அழைத்தபடி இருக்கிறார். மாற்றலாமா?

கணக்குப்பிள்ளை:

பிரிட்டன் நிறுவனப் பென்ஷன் அந்த "பணம்" வகை, ஆகவே கொள்கையளவில் மாற்றலாம். ஆனால் பிரிட்டன் வரித்துறையின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுத் திட்டத்துக்கு மட்டும்தான். பட்டியலில் இல்லாத இடத்துக்குப் போனால் அனுமதியற்ற கொடுப்பனவு என்று 55 சதவீதம் வரை வரி. பட்டியலில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் நாடும் அந்தத் திட்டம் உள்ள நாடும் ஒன்றாக இல்லாவிட்டால் பெரும்பாலும் 25 சதவீத மாற்றக் கட்டணம் (2017 மார்ச் 9 முதல்). ஐரோப்பாவில் உள்ள திட்டங்களுக்கு இருந்த விலக்கையும் 2024 அக்டோபர் 30-ல் நீக்கிவிட்டார்கள். முகவர் சொல்லும் திட்டம் எந்த நாட்டில் பதிவானது என்று எழுத்தில் கேளுங்கள். கனடா அல்லாத ஒரு தீவின் பெயர் வந்தால் 31,000-ல் 7,750 பவுண்டு அந்த ஒரு சொல்லிலேயே போயிற்று.

கனடாவின் சாதாரண ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குகள் அந்தப் பட்டியலில் நிற்பது கஷ்டம். 55 வயதுக்கு முன் பணத்தை எடுக்க விடாத திட்டமாக இருக்க வேண்டும் என்பது பிரிட்டன் நிபந்தனை, இங்கே எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆகவே பேசாமல் அங்கேயே விடுங்கள். முகவரியையும் மின்னஞ்சலையும் புதுப்பித்து வையுங்கள், கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள், அவ்வளவுதான். எடுக்கும் வயது இப்போது 55, 2028 ஏப்ரல் 6 முதல் 57. முதல் முறை எடுக்கும்போது தற்காலிக வரிக் குறியீட்டில் அதிகமாகப் பிடிப்பார்கள். இரட்டை வரி ஒப்பந்தப்படி விலக்குப் படிவம் முன்கூட்டியே போட்டால் அதைத் தவிர்க்கலாம்.

உங்கள் தொகை இறுதிச் சம்பள வகைத் திட்டத்தில் (சம்பளத்தையும் சேவையையும் வைத்து உறுதியான பென்ஷன் தருவது) இருந்தால் 30,000 பவுண்டைத் தாண்டியதால் அங்கீகாரம் பெற்ற ஆலோசகரின் ஆலோசனை சட்டப்படி கட்டாயம். தானாக அழைக்கும் முகவர் அந்த ஆலோசகர் ஆகமாட்டார்.

அரசுப் பென்ஷன் தனி. அதற்குக் குறைந்தது 10 தகுதி வருடம், முழுத் தொகைக்கு 35. கனடாவிலோ இந்தியாவிலோ இருந்து வாங்கினால் ஆரம்பித்த தொகையிலேயே உறைந்து நிற்கும், வருடாந்திர உயர்வு வராது. வெளிநாட்டிலிருந்து தகுதி வருடங்களைக் கூட்ட மலிவான இரண்டாம் வகுப்புத் தேசியக் காப்பீட்டுச் சந்தா கட்டும் வழி 2026 ஏப்ரல் 6-ஓடு முடிந்தது. மூன்றாம் வகுப்புக்கும் இனி 10 வருடப் பிரிட்டன் வாசமோ சந்தாவோ வேண்டும். 6 வருடக்காரர்களுக்கு அந்தக் கதவு மூடியாயிற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வடகாற்று:

எல்லோருக்கும் நன்றி. தளத்தில் நுழைந்து பார்த்தேன். சேவை வரலாற்றில் முதல் நிறுவனம் இருக்கிறது, 41 மாதமும் சரி. ஆனால் இரண்டாவது நிறுவனத்தில் விலகிய தேதி காலியாக இருக்கிறது. க்ளெய்ம் பக்கமே திறக்கவில்லை.

ஒன்பதரை:

நிறுவனத்தைத் தேடி ஓட வேண்டாம். கடைசிச் சந்தா வந்து 2 மாதம் கடந்திருந்தால் நீங்களே பதியலாம். நிர்வகி என்ற பட்டியில் விலகலைக் குறி என்று இருக்கும். நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, கடைசிச் சந்தா வந்த மாதத்துக்குள் ஒரு தேதியைக் கொடுத்து, ஆதார் ஓ.டி.பி. போட்டால் முடிந்தது. உங்களுக்கு 2018 செப்டம்பருக்குள் ஒரு தேதி. பணிவிடுவிப்புக் கடிதத்தில் உள்ளதையே கொடுங்கள். ஒருமுறை பதிந்தால் நீங்களாக மாற்ற முடியாது. பொத்தானை அழுத்துவதற்கு முன் கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஃபார்ம் 19 மட்டும் போடுங்கள். அது முடிந்து பணம் என்.ஆர்.ஓ.வில் ஏறிய பிறகு 10சி-யைத் திறந்து, அங்கே பணம் எடுத்தல் என்ற வாய்ப்பு முன்கூட்டியே தேர்வாகி நின்றால் அதை மாற்றித் திட்டச் சான்றிதழைத் தேர்ந்தெடுங்கள். மனைவி, பிள்ளைகள் பெயரும் பிறந்த தேதியும் மின் நியமனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தால் சான்றிதழில் அவையும் வரும். கையில் வந்ததும் சேவை வருடம் 8 என்று இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பாருங்கள்.